கடைசி இரண்டு எழுத்து

நீகாதா
5 ஜூன் 1988

அன்புள்ள கனமே,

இல்லை, அந்தக் கிணற்றை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நூறு முறை, வலமிருந்து இடமாக. நூறாவது சுற்றில் தண்ணீருக்குள்ளிருந்து வெள்ளைக் குதிரை எழும் என்று வீடியோ ஆட்டப் பத்திரிகையின் வாசகர் பக்கத்தில் நீ எழுதியிருந்தாய். பத்துக் குறிப்புகளில் ஒன்று பொய், கண்டுபிடியுங்கள் என்பதுதான் அந்தப் பக்கத்தின் விளையாட்டு. எனக்குத் தெரியும். தெரிந்தும் சுற்றினேன். எண்ணுவதில் தவறியிருப்பேனோ என்று நூற்றியோராவது முறையும் சுற்றினேன். பிறகுதான் கீழே அச்சிட்டிருந்த உன் முகவரிக்கு அந்தத் திட்டுக் கடிதம்.

இரண்டு வருடம் ஆகிறது. நேரில் பார்த்தது ஐந்து தடவை. ஆனால் ‘நீலக் கோபுரம்’ என்ற அந்த வீடியோ ஆட்டத்தில் ஒரே நாயகனைத் தபாலில் சேர்ந்து வளர்த்திருக்கிறோம். ஆட்டத்தை நிறுத்தும்போது திரையில் வரும் இருபது எழுத்தை நீ அனுப்புகிறாய். அவற்றை நான் இங்கே இட்டால், நீ விட்ட இடத்தில், நீ விட்ட காயங்களோடு, அவன் என் அறையில் நிற்கிறான். உன் கடிதங்களைவிட அவன் அதிகம் சொல்கிறான். பிப்ரவரியில் ‘நலம்’ என்று ஒரு வரி எழுதினாய். அவனோ மூன்று வாரமாக ஒரே சதுப்பில் நின்று ஒரே பூச்சியோடு சண்டை போட்டிருந்தான்.

நலமாக இருப்பவன் அப்படி ஆடமாட்டான்.

எனவே கேட்கிறேன். டோக்கியோவில் ஒரு பெரிய நூலகம் என்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. ஜூலை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் ஹாச்சினோஹே ஊர் நூலகத்திலும் இலையுதிர் காலத்திலிருந்து ஓர் இடம் காலி. விசாரித்துவிட்டேன். இரண்டில் எது என்பது நான் அடுத்துக் கேட்கப்போவதைப் பொறுத்தது.

நாம் கல்யாணம் செய்துகொள்ளலாமா?

கடிதத்தில் பதில் எழுதாதே, நீ எழுத்தில் மழுப்புவாய். புதிய ஆட்டம் ஒன்று தொடங்கு. ஆட்டம் தரும் அந்த விசித்திரப் பெயர்ப் பட்டியலிலிருந்து நாயகனுக்குச் ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ பெயர் வை. இருபது எழுத்தை அனுப்பு. மீதியை அவன் வந்து சொல்லட்டும்.

சிஹாயா


ஹாச்சினோஹே
16 ஜூன் 1988

சிஹாயா,

நாளை விடியலில் கணவாய் மீன் பிடிக்கக் கிளம்புகிறோம். ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்புவோம். நடுவில் வாஜிமா, சகாதா துறைமுகங்களில் ஒதுங்குவோம். மீனவர் கூட்டுறவு அலுவலகத்துக்கு எழுதினால் கிடைக்கும்.

வேறொன்றும் எழுதவில்லை, நீ சொன்னபடியே. என் பதில் கீழே:

ரு மி தெ கா நோ
ஹு சா யோ கி மு
தோ நே ரா ஸெ வா
சி மெ ஹோ ..... .....

கனமே
‘எய்ஷோ மாரு’ இயந்திர அறை


நீகாதா
20 ஜூன் 1988

அன்புள்ள கனமே,

உன் தபால் அட்டை சனிக்கிழமை வந்தது. மழையும் வந்தது. இரண்டும் ஒரே பெட்டிக்குள்.

மசிப் பேனாவில் எழுதலாமா, முட்டாளே? மழைக்காலத்தில்? கடைசி இரண்டு எழுத்து கரைந்து ஒரு நீலக் குட்டையாகிவிட்டது. விளக்குக்கு எதிரே பிடித்தேன். பின்பக்கமிருந்து பார்த்தேன். நூலகத்தின் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தேன். குட்டை பெரிதாகத் தெரிந்தது.

என் அறைத்தோழி ஹிசானோவை உனக்குத் தெரியும்.

“போன் பண்ணிக் கேட்டுடேன்டி,” என்றாள்.

“நடுக்கடல்ல யாருடி போன் எடுப்பா? கணவாயா?”

“அப்ப ஆகஸ்ட் வரைக்கும் பொறுத்துக்க.”

“டோக்கியோக்காரங்க பொறுக்க மாட்டாங்க. நானும் மாட்டேன்.”

அவள் கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்தாள். “மொத்தம் எத்தனை எழுத்து இருக்கு அந்த ஆட்டத்துல?”

“அறுபத்து நாலு.”

“ரெண்டு எழுத்துதானே போச்சு? எல்லாத்தையும் போட்டுப் பாத்துடலாம்.” விரலை மடக்கி எண்ணப் பார்த்தாள், கைவிட்டாள். “நிறைய வருமோ?”

நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு. நான் பல்கலைக்கழகத்தில் படித்தது இலக்கியம்தான். ஆனால் இந்தப் பெருக்கலை எந்தக் கவிதையையும்விட மெதுவாக, இரண்டு முறை, போட்டுப் பார்த்தேன்.

வரும் ஞாயிறு ஆரம்பிக்கிறோம். அதற்குள் நீ வாஜிமாவில் ஒதுங்கினால், இதற்குப் பதிலாக ஒரே ஒரு சொல் எழுது. பென்சிலில்.

சிஹாயா


நீகாதா
27 ஜூன் 1988

அன்புள்ள கனமே,

காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தோம். முதல் பதினெட்டு எழுத்தை ஒருமுறை இட்டால் போதும், அவை அப்படியே நிற்கும். பிறகு கடைசி இரண்டை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். நான் பொத்தானை அழுத்தினேன். ஹிசானோ நோட்டில் கோடு போட்டாள். இயந்திரம் ஒவ்வொரு முறையும் ‘தவறு’ என்றது. அதற்கு ஒரு சின்ன ஒலி உண்டு. விக்கல் மாதிரி. அது இன்னும் என் காதில் இருக்கிறது.

முப்பத்தோராவது தடவை திரையில் ஆட்டத்தின் கதவு திறந்தது.

நான் கத்தினேன். ஹிசானோ தேநீரைக் கொட்டினாள். கடற்கரையில் நாயகன் நின்றான். பெயரைப் பார்த்தோம்.

நுமோ.

“நுமோன்னா என்னடி? சரியா, வேண்டாமா?”

“ஒண்ணும் இல்லடி. வெறும் எழுத்து.”

“உங்க ஆளு குடிச்சுட்டு எழுதிருப்பான்.”

மேலே போனோம். இன்னொரு கதவு திறந்தது. இவன் பெயர் ‘நாய்’. அதே கடற்கரை, அதே மரவாள். பெயர் மட்டும் வேறு. பத்து மணிக்குள் ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மழை சரியாகப் பெயர் இருக்கும் இடத்தைத் தின்றிருக்கிறது. கரைந்ததில் முதல் எழுத்து, பட்டியலில் எந்தப் பெயர் என்பதற்கு. இரண்டாவது, முதலாவது சரிதானா என்று பார்க்க. முதலாவதாக எதைப் போட்டாலும், அதற்குப் பொருந்தும் இரண்டாவது ஒன்று எங்கேயோ இருக்கிறது. ஆக, அறுபத்து நான்கு பெயர்கள். அறுபத்து நான்குக்கும் கதவு திறக்கும்.

எதற்கும் மறுக்காத கதவு.

மதியத்துக்குப் பின் ‘சரி’ வந்தான். ஹிசானோ எழுந்து ஆடினாள். கீழ்வீட்டு அம்மாள் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினார். நான் ஆடவில்லை. அடுத்த பொத்தானை அழுத்தினேன். பதினைந்து நிமிடத்தில் ‘வேண்டாம்’ வந்தான். அதே கடற்கரையில், அதே மரவாளோடு, அதே மாதிரிச் சிரித்துக்கொண்டு.

“நீ மொதல்லயே நிறுத்தியிருக்கணும்டி,” என்றாள் அவள்.

“நிறுத்தியிருந்தா அது என் பதில். அவன் பதில் இல்ல.”

உண்மையைச் சொல்கிறேன், கனமே. ‘சரி’யை எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர எனக்கு ஆசையாக இருந்தது. அவனைக் கொஞ்ச தூரம் நடத்தியும் பார்த்தேன். ஒரு பாலம் வரை. பிறகு அணைத்துவிட்டேன். எனக்குப் பிடித்த பதிலை நானே தேர்ந்தெடுக்க முடியும் என்றால் உன்னைக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால் வாழ்க்கையில் இவ்வளவு சிரித்த ஞாயிறு எனக்கு இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன். இதை வாசகர் பக்கத்துக்கு அனுப்பினால் அந்த வாரத்துப் பொய் இதுதான் என்று எல்லோரும் அடித்துச் சொல்வார்கள்.

ஜூலை முப்பத்தொன்று. ஞாபகம் இருக்கட்டும்.

சிஹாயா


வாஜிமா
9 ஜூலை 1988

சிஹாயா,

பென்சிலில் எழுதுகிறேன். பார்.

உன் இரண்டு கடிதமும் இன்று காலை ஒன்றாகக் கிடைத்தன. கூட்டுறவு அலுவலக வாசலில் நின்றபடியே படித்தேன். சிரிப்பு வந்தது. கப்பல் தலைவர் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. அவர் வந்து கடிதத்தைப் பிடுங்கினார், கப்பலில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்தார். மன்னித்துவிடு. அவரைத் தடுக்க யாராலும் முடியாது.

“டேய், இருபத்தேழு வயசாச்சு, இயந்திரத்தையே பிரிச்சு மாட்டுற,” என்றார். “ஒரு பொண்ணுக்குப் பதில் சொல்ல உனக்கு இருபது எழுத்து வேணுமாடா? ரெண்டு எழுத்து போதாதா?”

சமையல்காரர் விடவில்லை. “அந்த ரெண்டத்தான் தலைவரே மழையில விட்டுட்டான்!”

இன்று முழுக்க கப்பலில் என் பெயர் நுமோ.

சிஹாயா, நான் ‘சரி’ என்று பெயர் வைக்கவில்லை. ‘வேண்டாம்’ என்றும் வைக்கவில்லை. அன்று மாலை விளையாட்டுப் பெட்டியின் முன் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ‘சரி’ என்று வைத்தால் அடுத்து என்ன பேச வேண்டும் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அதற்கு ஒரு கடிதம், அதற்குப் பதில் இன்னொன்று. நடுவில் இரண்டரை மாதம் கடல். அவ்வளவு பொறுக்க முடியவில்லை. அதனால் ஒரு படி தாண்டிவிட்டேன்.

என் நாயகனின் பெயர் ‘எப்போ’.

உன் அறுபத்து நான்கில் அவனும் இருந்திருப்பான். நீ கவனித்திருக்கமாட்டாய்.

பிப்ரவரி பற்றி நீ எழுதியது சரி. அந்தச் சதுப்பில் வேறு வேலையே இல்லை. ஆனால் எழுத்து மாறினால்தான் உனக்கு அனுப்ப ஏதாவது இருக்கும், அதற்காகத்தான் அவனைச் சண்டை போட வைத்தேன்.

நாளை மீண்டும் கிளம்புகிறோம். இருபத்தைந்தாம் தேதி வாக்கில் சகாதா.

கனமே


நீகாதா
13 ஜூலை 1988

அன்புள்ள கனமே,

நோட்டைத் தேடினேன். பதினாறாவது ஆள். மதியச் சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்த நேரம். ‘எப்போ’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அதைக் குறுக்கே அடித்து ஹிசானோவின் சிவப்புக் கோடு. அதன் மேல் ‘உளறல்’ என்று ஒரு குறிப்பு.

அவளிடம் காட்டினேன். வாயில் கை வைத்துக்கொண்டாள். “அடிப்பாவி, மாப்பிள்ளையையே அடிச்சுட்டேனேடி!”

எப்போ என்றா கேட்கிறாய். செப்டம்பர் மூன்று, சனிக்கிழமை. நீ கரைக்கு வந்து மீன் வாடை போகக் குளிக்க மூன்று நாள் விட்டிருக்கிறேன்.

மதியம் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்த் திருமணப் பதிவுத் தாள் வாங்கி வந்தேன். என் பக்கத்தை நிரப்பி முத்திரை வைத்தேன். சாட்சிகள் இருவர் வேண்டும். ஓர் இடத்தில் ஹிசானோ போட்டுவிட்டாள், மற்றதை உங்கள் தலைவருக்கு விட்டிருக்கிறேன். டோக்கியோவுக்கு வரவில்லை என்று ஓர் அட்டை, ஹாச்சினோஹே நூலகத்துக்கு ஒரு விண்ணப்பம். இந்தக் கடிதத்தோடு தாளையும் மடித்து வைத்து, உறையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு நான்கு பக்கமும் ஒட்டி, சகாதா முகவரி எழுதி, ஐந்து மணித் தபாலில் சேர்க்கிறேன்.

சிஹாயா