பின்னால் ஒருவர் வருகிறார்

ஜனவரி 16, திங்கள்

போஸ்ஸெ செத்து ஆறு நாள். வாசல் பனியைத் தள்ளினேன். காபி இரண்டு கோப்பை. உருளைக்கிழங்கு வேகவைத்தேன், பாதி மிஞ்சிவிட்டது.

அழுகை வரவில்லை. வரும், வரும் என்கிறார்கள், ஏதோ தாமதமான பஸ் மாதிரி.

ஜனவரி 19

ஸ்டாக்ஹோமிலிருந்து மெல்கெர் ஃபோன் செய்தான். இசைக் கம்பெனிக்காரன், முப்பது வயதிருக்கும். "ஒரு கோரஸ் மெட்டு மட்டும் குடு, போதும். வார்த்தையை எங்க பசங்க போட்டுக்குவாங்க."

எங்க பசங்க! முப்பத்தொரு வருஷமாக மெட்டு நான், வார்த்தை போஸ்ஸெ. கோடைகால நடன மேடைகளில் நான் அக்கார்டியன் வாசித்த நாளிலிருந்து. தேசியப் பாட்டுப் போட்டியில் நான்கு முறை மேடை ஏறியும் மூன்றாம் இடத்தைத் தாண்டவில்லை. ஆனால் எங்கள் பாட்டு ஒன்று தெரியாத வீடு இந்தச் சுண்ட்ஸ்வால் ஊரில் இல்லை.

பியானோவில் உட்கார்ந்து பார்த்தேன். கட்டையை அழுத்தினால் சத்தம் வருகிறது. அவ்வளவுதான்.

ஜனவரி 22

ஊல்ரிகா வந்தாள். போஸ்ஸெயின் மனைவி — மனைவியாக இருந்தவள். இதை இனி எப்படி எழுதுவது?

"அடக்கத்துக்குப் பிப்ரவரி பத்துதான் கெடைச்சிருக்கு. நம்ம பாட்டை நீ வாசிக்கணும். அப்புறம் காபி குடிக்கிறப்போ, அது எப்படிப் பொறந்துச்சுன்னு எல்லாருக்கும் சொல்லு."

"பேச எனக்கு வராது, ஊல்ரிகா."

"உனக்கு என்னதான் வரும்? அழக்கூட வரலையாமே. சொல்லு, ஸ்டெல்லான். அந்தப் பாட்டுக்காகத்தானே நான் திரும்பி வந்தேன்."

தலையாட்டினேன். தொண்ணூற்று நான்கு இலையுதிர்காலத்தில் அவனை விட்டுவிட்டுப் பெட்டியோடு ஊமெயோவில் அக்கா வீட்டுக்குப் போனாள். பிப்ரவரியில் ரேடியோவில் பாட்டு வந்தது. அன்றே பஸ் ஏறி வந்துவிட்டாள். ஊருக்கே தெரிந்த கதை.

ஜனவரி 23

இதை எங்கும் எழுதியதில்லை.

மெட்டு பிறக்கும்போது வாயில் வந்ததைப் போட்டுப் பாடுவேன். கடைச் சாமான், நாய் பெயர், எதுவும். பிறகு போஸ்ஸெ அதைத் தூக்கிவிட்டு நிஜ வார்த்தை போடுவான். எங்கள் ஸ்டுடியோ அவர்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், எல்லா வீட்டுக்கும் பொதுவான துணி துவைக்கும் அறைக்கு அடுத்த கதவு. அங்கே சுவரில் ஒரு நோட்டீஸ்: "போகும்போது விளக்கை அணைக்காதீர்கள். பின்னால் ஒருவர் வருகிறார்." கொட்டை எழுத்து, பெயர் இல்லை. இந்த நாட்டில் பக்கத்து வீட்டோடு யாரும் நேரில் சண்டை போடுவதில்லை. மொட்டை நோட்டீஸ்தான்.

அந்தப் பாட்டின் மெட்டு வந்தபோது அதைத்தான் பாடினேன். போஸ்ஸெ பேனாவைக் கீழே வைத்தான். பிறகு, "ஒரு சொல்லையும் மாத்தாதடா" என்றான். சோம்பேறி என்று நினைத்தேன். இசைத்தட்டில் சொற்கள்: போஸ்ஸெ. எனக்கு எரிச்சல்தான், மறைப்பானேன். வார்த்தை என் வாயில் அல்லவா வந்தது?

ஆனால் அவள்? இருபத்தெட்டு வருஷம் வாழ்ந்தது ஒரு சலவை நோட்டீஸை நம்பியா? சொன்னால் அவளுக்கு மிச்சமிருப்பதும் போய்விடும். சொல்லாவிட்டால், அவனைப் புதைத்த கையோடு நான் பொய் பேச வேண்டும்.

ஜனவரி 31

பனி. வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 6

பொய்யை எழுதி முடித்தேன். ஜன்னல், தனிமை, அவள் கோட்டு தொங்கிய இடத்தில் வெறும் கொக்கி. நன்றாகவே வந்திருக்கிறது. எழுதும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிப்ரவரி 10, வெள்ளி

தேவாலயத்தில் வாசித்தேன். விரல் தடுமாறவில்லை. ஒவ்வொருவராகப் போய்ச் சவப்பெட்டிமேல் ஒரு பூ வைத்தோம். என் முறை வந்தபோது பூவின் காம்பு ஈரமாக இருந்தது. அதுதான் நினைவிருக்கிறது.

பிறகு சபைக் கூடத்தில் காபி, இறால் வைத்த சாண்ட்விச் கேக். எழுந்து தாளைப் பிரித்தேன். "அன்று போஸ்ஸெ ஜன்னலருகே தனியாக உட்கார்ந்து..."

"பொய்!" என்றாள் ஊல்ரிகா, வாயில் கேக்கோடு.

கூடம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

"ஜன்னலாவது மண்ணாவது! அந்த அறைக்கு ஜன்னலே கெடையாது. அது சலவை ரூம்ல நான் ஒட்டின நோட்டீஸ். நாலாவது மாடிக்காரி தெனம் லைட்டை அணைச்சிட்டுப் போயிடுவா, நான் கூடையோட இருட்டுல முட்டிக்குவேன்."

நான் நின்றபடியே கேட்டேன். "அது... உன் எழுத்தா?"

"பின்ன? நான் போனப்புறம்கூட அவன் அதைக் கிழிக்கல. ரேடியோவுல கேட்டேன். எனக்கு அழுகை, அக்காவுக்குச் சிரிப்பு. நான் சொன்னதுல ஒரு வார்த்தையக்கூட மாத்தாத ஒருத்தன் வீட்ல இருக்கானேன்னு கெளம்பிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள், பாதிரியார் உட்பட. நான் தாளை மடித்து உட்கார்ந்தேன்.

அப்படியானால் அவனுக்கு எழுத்தைப் பார்த்ததுமே தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, திருட்டுப் பயல். நானோ இத்தனை வருஷம் அது என்னுடையது என்று புழுங்கிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. வெட்கமாவது வந்ததே.

பிப்ரவரி 18

மெல்கெர் ஃபோன். எடுக்கவில்லை.

மார்ச் 2, வியாழன்

ஸ்டுடியோவைக் காலி செய்யக் கீழ்த்தளம் போனேன். சலவை அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆள் இல்லை. எந்த வீட்டுக்கு எப்போது துவைக்கும் முறை என்று பதிவு செய்யும் பலகைக்குப் பக்கத்தில் புது நோட்டீஸ், கொட்டை எழுத்து, பெயர் இல்லை:

"வியாழன் ஒன்பது முதல் பன்னிரண்டு போஸ்ஸெயின் முறை. அவர் இனி வரமாட்டார். வேண்டியவர் எடுத்துக்கொள்ளுங்கள்."

மணி பத்து. அவன் நேரம்தான். துவைக்கும் இயந்திரங்கள் மூன்றும் சும்மா இருந்தன. இதுவரை யாரும் எடுக்கவில்லை.

நின்ற இடத்தில் வாய் தானாக அதை ஒரு புது மெட்டில் முணுமுணுத்தது. "வேண்டியவர்" வரை போவதற்குள் உடைந்துவிட்டேன். சலவைத் தூள் வாசத்தில், இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதேன். நாலாவது மாடிக்காரி கூடையோடு வந்தாள், பார்த்தாள், விளக்கைத் தொடாமல் திரும்பிப் போனாள்.

முகம் கழுவிக்கொண்டு மூன்றாம் மாடி ஏறி ஊல்ரிகாவிடம் பாடிக் காட்டினேன். கதவைப் பிடித்தபடியே கடைசிவரை கேட்டாள்.

"மனுஷிய ஒரு நோட்டீஸ் ஒட்ட விடமாட்டியா?" என்றாள். பிறகு, "இன்னொரு தடவை பாடு."

பாடினேன். வீட்டுக்கு வந்து சுரத்தாளில் எழுதிவைத்தேன். மெட்டு: ஸ்டெல்லான். சொற்கள்: ஊல்ரிகா.