போனில் சொல்லாமல் விட்டது

சத்தியபிரியா,

பானையில் கஞ்சி இருக்கிறது. உன் மாமியார் வெள்ளனே முதல் பஸ்ஸில், நாயுடுபுரத்து மாட்டு டாக்டரைக் கூட்டிவரப் போயிருக்கிறாள்.

நேற்று நீ போனில், "டாக்டர், பன்னி குட்டி போட்டதுல கர்ப்பப்பை வெளிய தள்ளிக் கெடக்கு" என்று சொல்ல வாயெடுத்தாய். "ஆம்பளைகிட்டப் பேசுற பேச்சாடி இது?" என்று போனைப் பிடுங்கி, "தீனி எடுக்கலங்க" என்றவள் அவள்தான். அவரும் பசி எடுக்க மருந்து சொன்னார். ஒரு நாள் வீணாகி, அந்த இடம் வீங்கிவிட்டது. உன் முகத்தில் விழிக்கக் கூசித்தான் எழுப்பாமல் போகிறாள்.

உப்புத்தண்ணீரால் மெல்லக் கழுவி, ஈரத்துணி போட்டு வை.

டப்பாச் சர்க்கரையைக் காப்பிக்கு எடுக்காதே. வீக்கம் வற்ற அதைத் தூவலாம் என்று நீ சொன்னபோது சிரித்தது நான்தான். தூவு, தாயி.

டாக்டரிடம் நீ சொல்ல வந்ததை, போனைப் பிடுங்கிய நானே அப்படியே சொல்வேன். வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டு போகிறேன்.