ஜெரினுக்கு எட்டாத பதில்

பிப்ரவரி 3

மாலை ஆறு மணிக்கு தம்பி ஜெரினோடு ரேடியோவில் மோர்ஸ் தந்திமொழியில் பேசிக்கொண்டிருந்தேன். ஆம்ப்ளிஃபையருக்குள் டப்பென்று வெடித்தது. நீல வெளிச்சம், கருகிய வாடை. ஃபியூஸ் போய்விட்டது.

தம்பி வேலை செய்யும் கப்பலை முதலாளி கைவிட்டு ஏழு மாதம். வளைகுடாவில் நங்கூரம் போட்டுக் கிடக்கிறது. சம்பளம் இல்லை. சாட்டிலைட் போனையும் வெட்டிவிட்டார்கள். அவனிடம் மிச்சம் இருப்பது பொழுதுபோக்குக்கு வாங்கிய ஒரு சின்ன ஹாம் ரேடியோ. அவன் தட்டுவது இங்கே ராயபுரத்தில் எனக்குக் கேட்கும். கப்பல் ஜெனரேட்டரின் இரைச்சலை மீறி என் பதில் அவனை எட்ட வேண்டுமானால் இந்த ஆம்ப்ளிஃபையர் வேண்டும்.

"அம்மா எப்படி?" என்று கேட்டிருந்தான். பாதி பதிலில் நின்றுபோனது.

பிப்ரவரி 4

புது ஃபியூஸ் போட்டேன். போட்டதும் போனது. மாலையில் ஜெரின்: "அக்கா, கேட்கிறதா?" பதினொரு முறை.

கேக்குதுடா. கேக்குது.

பிப்ரவரி 6

கெப்பாசிட்டரில் தேங்கியிருந்த மின்சாரத்தை இறக்கிவிட்டு உள்ளே கை வைத்தேன். இரண்டு டயோடு செத்திருந்தன. பழைய கண்ணாடி வால்வைக் கழற்றி வைத்துவிட்டு அவற்றை மாற்றினேன். ஃபியூஸ் போகாமல் நின்றது! வால்வைத் திரும்பச் சொருகினேன் — டப்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் வால்வுக்குள்ளேயே ஷார்ட். சூட்டில் இழை தொய்ந்து பக்கத்துக் கம்பியில் ஒட்டிவிட்டது. நிமிர்த்தி வைத்தே ஓட்ட வேண்டிய பெட்டி. அம்மாவின் ஆக்சிஜன் சிலிண்டருக்கு இடம் வேண்டுமென்று பக்கவாட்டில் சாய்த்து வைத்தது யார்? நான்தான்.

ஹாம் ரேடியோ வைத்திருக்கும் வேறு யாரையாவது அவனுக்குப் பதில் அனுப்பச் சொல்லலாமா? கேப்டனுக்குத் தெரியாமல் தட்டுகிறான். யாரிடமும் சொல்லாதே என்று முதல் நாளே கெஞ்சியிருந்தான்.

பிப்ரவரி 9

அம்மா காலை பதினொரு மணிக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 10

அடக்கம் முடிந்தது. வீடு நிறைய ஆட்கள். ஆறு மணிக்கு ஹெட்போனை மாட்டினேன். எல்சி சித்திக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி ஜெமிமா, அம்மைய அடக்கம் பண்ணிட்டு வந்த கையோட ரேடியோவா?"

காதுக்குள் ஜெரின்: "அம்மா எப்படி? அம்மா எப்படி?"

இனி வேறு யாரையும் விட்டு இதை அவனிடம் சொல்லவைக்க மாட்டேன்.

பிப்ரவரி 13

ரிச்சி தெருவில் நாலு எலக்ட்ரானிக்ஸ் கடை. வால்வு என்றதும் சிரித்தார்கள். கடைசியாகக் கொருக்குப்பேட்டையில் கழித்துக்கட்டிய கப்பல் சாமான் விற்கும் காலித் பாய் கடை. என் செத்த வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இத்த இன்னுமா ஓட்டிகினு கீற?"

தம்பியைப் பற்றிச் சொன்னேன். ஏன் சொன்னேன்? தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது. அவர் பரணில் ஏறி, தூசியோடு ஒன்றை எடுத்துவந்தார்.

"கப்பல் ரேடியோ ஒண்ணு பிரிச்சப்போ வந்துச்சி. உசுரு கீதா இல்லியான்னு தெரியாது. எட்த்துகினு போ."

பிப்ரவரி 14

பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். மறுபடி போயிருந்த டயோடுகளையும் மாற்றி, அந்த வால்வைச் சொருகினேன். இழை மெல்லச் சிவந்து எரிந்தது. மீட்டர் முள் ஏறியது. சரியாகிவிட்டது.

ஆறு மணிக்கு ஜெரின் கூப்பிட்டான். மோர்ஸ் தட்டும் கீயின்மேல் விரல் வைத்தேன். தட்ட முடியவில்லை. இத்தனை நாள் இதற்குத்தானே தவித்தேன்? சொல்லிட்டா, அந்தக் கடல் நடுவுல யாரக் கட்டிப்புடிச்சு அழுவான்?

அணைத்துவிட்டேன்.

பிப்ரவரி 15

"அக்கா, கேட்கிறதா?"

"கேட்கிறது" என்று தட்டினேன்.

அவன் ஒரே எழுத்தை நாலு முறை தப்பாக அடித்தான். பிறகு: "அம்மா?"

ஒன்பதாம் தேதி என்றேன். வலி இல்லாமல் போனாள் என்று சேர்த்தேன். அது பொய்.

வெறும் இரைச்சல். ஏழு நிமிடம். ஒருவேளை பெட்டி மறுபடி போய்விட்டதோ என்று மீட்டரைப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக வந்தது: "நீ சாப்டியா?"

இல்லை என்று தட்டினேன்.