உன் அப்பாவின் குடல் சுத்தி

அன்பு மகள் பவதாரணிக்கு, அம்மா எழுதுவது. இங்கே போடியில் மழை விட்டுவிட்டது, என் முழங்கால் வலி விடவில்லை, மற்றபடி சுகம். அந்த மஸ்கட் வெக்கையில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்களா? போனில் சொன்னால் பாதியிலேயே அழுவாய், அதனால் எழுதுகிறேன். உன் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிருக்கு ஒன்றுமில்லை, பதறாதே.

ஜீப்பு ஓட்டுவதை விட்டதிலிருந்து குரங்கணி யோகா வகுப்புக்குப் போய்க் குடல் சுத்தியைப் பிடித்துக்கொண்டார். வெறும் வயிற்றில் உப்புப் போட்ட வெந்நீரைச் செம்பு செம்பாகக் குடிப்பது, ஆசனம் போடுவது, கக்கூசுக்கு ஓடுவது, தண்ணீர் தெளிவாகப் போகும்வரை இதே சோலி. வருடத்துக்கு இரண்டு தடவை போதும் என்றாராம் மாஸ்டர், இவர் மாதாமாதம் செய்தார். செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டாவது இருந்தாரா? போன ஞாயிறு என்னோடு ஏலக்காய் எடுக்கப் போக ஜீப்புக்கு நின்ற பொம்பளைகளைக் கூப்பிட்டு, முப்பது வருசமா இவ பொங்கிப் போட்ட அழுக்கெல்லாம் இன்னைக்குத்தான் ஆத்தா வெளிய போகுது என்றார். அவளுகளும் சிரித்தாளுகள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சுத்தி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் நெய் விட்ட பாசிப்பருப்புச் சோறு உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் ஆள் சுருண்டுவிடும் என்று மாஸ்டர் என்னிடமே சொல்லியிருந்தார். தெரிந்தேதான் அடுப்படியைப் பூட்டிவிட்டு ஜீப்பில் ஏறினேன். சாயங்காலம் இறங்கினால், சுருண்டு கிடந்தவரை மதியமே பக்கத்து வீட்டு ஜக்கம்மாள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள்.

நேற்று கஞ்சி கொடுக்கலாம் என்றார் டாக்டர். கொண்டுபோனேன். கையை நீட்டினார். இது அழுக்கா சோறா, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க என்றேன். சோறுதான் சுருளி, சோறுதான் என்று அழுதார். வார்டே திரும்பிப் பார்த்தது. கஞ்சியைப் பக்கத்துக் கட்டில்காரருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு வெறும் தூக்குவாளியோடு வந்துவிட்டேன். பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். சந்தோசமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். உன்னிடம் அழுவார், நீ எனக்குப் புத்தி சொல்ல வராதே. இவர் பேச்சைக் கேட்டு நீ உப்புத் தண்ணீர் குடித்து வைக்காதே, உனக்குப் பிரஷர் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நூறு வயசு நல்லா இருங்கள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, வெள்ளிக்கிழமை அவருக்குச் சோறு வடிக்க நீதான் போனில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அரிசி எந்த டப்பாவில் இருக்கிறதென்றுகூட அவருக்குத் தெரியாது, நான் சொல்லப்போவதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா சுருளியம்மாள்