இதோ, இங்கேதான்

சேவலின் தகப்பனாருக்கு,

முந்தாநாள் காலையில் பெட்டியும் ரைஸ் குக்கருமாகத் தெருவில் இறங்கினேன். பிலிப்பைன்ஸிலேயே வாயாடிகளான நம் அக்லான்காரர்கள் சும்மா விடுவார்களா? "சியின் கா மாட்தோ?" என்று மீன்காரி கேட்டாள், பாதிரியார் கேட்டார், முன்பின் தெரியாத கிழவர்கூடக் கேட்டார். எங்கே போகிறாய் என்பதுதானே இங்கே வணக்கம்! பதில் யாருக்கு வேண்டும்? எல்லாரிடமும் "இதோ, இங்கேதான்" என்றேன்.

பக்கத்து வீட்டு லுமெனிடா அக்கா மட்டும், "இங்கேதான்னா குக்கர் எதுக்குடி? ஆத்தங்கரையில சோறாக்கப் போறியா?" என்று பிடித்துக்கொண்டாள். நான் நிற்கவில்லை.

இவர்களுக்கெல்லாம் முன்னால், நம் வாசலில் சண்டைச் சேவலுக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த உங்களைத் தாண்டித்தான் வந்தேன். தலையைக்கூடத் தூக்காமல், "வரும்போது சோளம் வாங்கிட்டு வா" என்றீர்கள்.

என் கூடப்பிறந்த அக்காள் வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகிறது. இன்னும் சோளத்துக்குத்தான் காத்திருக்கிறீர்களோ என்னவோ!

ஊரே கேட்கிற கேள்வி ஐயா அது. உங்களுக்கு மட்டும் வாயில் என்ன கொழுக்கட்டையா? மற்றவர்களிடம் நான் சொன்னது பொய். நீங்கள் கேட்டு, உங்களிடமும் "இதோ, இங்கேதான்" என்று சொல்லியிருந்தால், அதை மெய்யாக்குவதற்காகவாவது மத்தியானத்துக்குள் திரும்பி வந்திருப்பேன்.

இப்படிக்கு,
குக்கரோடு போனவள்