ஏணிக்கயிற்றில் கடைசிப் படி

நாகல் நகர், திண்டுக்கல்
2.9.2024

கிளெமென்ட் அய்யாவுக்கு, செழியனோட அம்மா பெருமாயி எழுதுறது.

நீங்க என் மகனுக்குப் போட்ட கடுதாசி நேத்து வந்துச்சு. ஒரு மாசமா பதிலைக் காணோமே, எம்மேல கோபமாலேன்னு கேட்டிருந்தீக. கோபம் இல்லைங்கய்யா. செழியன் ஆடி பதினொண்ணாம் தேதி வத்தலக்குண்டு ரோட்டுல லாரி மோதி இறந்துட்டான். இருபத்தி நாலு வயசு. உங்களுக்குக் காது கேக்காது, போனுல பேச முடியாதுன்னு அவன் சொல்லியிருக்கான். அதான் எழுதுறேன். மூணாப்போட படிப்பை நிறுத்தினவ நான். தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

அன்னைக்கு வீட்டுல சண்டை. எங்க வீட்டுக்காரர் நூல் மில்லுல ராத்திரி வாட்ச்மேன். காலையில வந்து படுத்தாக. இவன் அடுத்த ரூம்புல, நீங்க கடுதாசியில சொல்லிக் குடுத்த அந்தப் பொம்மைக் கப்பலுக்குக் கட்டையை உரசிக்கிட்டு இருந்தான். தூக்கம் கெட்டுப்போச்சுன்னு எந்திரிச்சு வந்து, "கடலையே பாக்காத பயலுக்குக் கப்பல் என்னலே கப்பல்"னு கத்தரிக்கோலை எடுத்து, ஏணி மாதிரி கட்டியிருந்த கயிறை எல்லாம் வெட்டி விட்டுட்டாக. இவன் நூல் வாங்கிட்டு வாரேன்னு வண்டியை எடுத்தான். அம்புட்டுத்தான்.

சட்டைப்பையில இருந்த ரெண்டு நூல்கண்டையும் போலீஸ்காரர் குடுத்தாரு. கப்பல் பக்கத்துல வச்சிருக்கேன். அந்தக் கப்பலை என்ன செய்யணும், எண்ணெய் ஏதும் தடவணுமா? யாரையும் தொட விடலை. எங்க வீட்டுக்காரர் அந்த ரூம்பு வாசப்படியை மிதிக்கிறதே இல்லை.

நீங்க எழுதின கடுதாசி எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுல இருக்கு. எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன்.

பெருமாயி


தூத்துக்குடி
9.9.2024

அன்புத் தங்கை பெருமாயிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முப்பது வருடம் தோணியில் போய் வந்தவன் நான். கடலுக்கு ஆட்களைக் கொடுத்து, வீட்டில் போய்ச் சொல்லியும் இருக்கிறேன். ரோட்டுக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தவளுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை.

அவனை நான் நேரில் பார்த்ததில்லை. மூன்று வருடத்தில் நாற்பத்தொரு கடிதம் எழுதியிருக்கிறான். புரட்டாசியில் வருகிறேன், கடலைக் காட்டுங்க என்றான். பாய் விரித்து வைத்திருந்தேன்.

கப்பலுக்கு எண்ணெய் வேண்டாம். வெயில் படாமல் மெல்லிய துணி போட்டு மூடி வை. பாய்மரங்களின் இரண்டு பக்கமும் இறங்குகிற கயிறுகளின் குறுக்கே, ஆள் ஏறுவதற்குப் படி படியாகக் கட்டுவதுதான் அந்த ஏணிக்கயிறு. மொத்தம் ஆறு ஏணி, ஏணிக்கு இருபது படி. அது ஒன்றுதான் பாக்கி. எல்லாம் கட்டிப் பார்த்த பிறகுதான் முடிச்சுக்குப் பசை வைக்க வேண்டும். நீ சம்மதித்தால் கப்பலை இங்கே அனுப்பு, நான் முடித்துத் தருகிறேன்.

கிளெமென்ட்


நாகல் நகர்
4.11.2024

கிளெமென்ட் அண்ணனுக்கு,

கப்பலை அனுப்ப மாட்டேண்ணே. அவன் வாரான்.

நான் காலையில நாலு மணிக்கெல்லாம் பூ மார்க்கெட்டுக்குப் போயிருவேன். பூக்கட்டி முடிச்சு வீடு திரும்ப மத்தியானம் ஆயிரும். அவுக ஏழு மணிக்கு மில்லுல இருந்து வந்து படுத்தா, நான் வந்து எழுப்புற வரைக்கும் தூக்கந்தான். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்து கப்பல் மேல கெடந்த துணியைத் தூக்கினா, நாலு படி கட்டியிருக்கு. சனிக்கிழமை ஏழு. சாத்தின கதவு சாத்தினபடி, மூடின துணி மூடினபடி. நூல்கண்டு மட்டும் இளைச்சிருக்கு.

எனக்குப் பயமா இல்லை. பெத்த பிள்ளைகிட்ட என்ன பயம்? போறப்ப ஒரு டம்ளர் டீ வச்சிட்டுப் போறேன். குடிக்கிறதில்லை, ஆடை படிஞ்சு கெடக்கு. ஆனா டம்ளர் வச்ச இடத்துல இருக்கிறதில்லைண்ணே. ஒரு சாண் தள்ளி இருக்கு.

அவுககிட்ட சொல்லலை. சொன்னா வேப்பிலை அடிக்கக் கூட்டிட்டுப் போயிருவாக. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நூத்தி இருபது படியும் முடிஞ்சிருச்சுன்னா அவன் போயிருவானா?

தங்கச்சி பெருமாயி


தூத்துக்குடி
11.11.2024

அன்புத் தங்கைக்கு,

கடைசியில் நீ கேட்டது இருக்கட்டும்.

நான் ஒன்று கேட்கிறேன், பார்த்து எழுது. செழியனுக்கு இடது கைப் பழக்கம். அவன் அனுப்பிய போட்டோக்களில் பார்த்திருக்கிறேன், அவன் முடிச்சில் நூலின் வால் மேலே பார்த்து நிற்கும். எத்தனை தடவை சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. இப்போது கட்டியிருக்கிற படியில் வால் எந்தப் பக்கம் நிற்கிறது?

கிளெமென்ட்


நாகல் நகர்
25.11.2024

அண்ணனுக்கு,

வால் கீழ பாத்துத்தான் நிக்குது. முடிச்சும் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு. லாரி மோதினதுல அவனுக்கு இடது கை நசுங்கிப்போச்சுண்ணே. பழகாத கையால கட்டுறான்.

உங்ககிட்ட மறைக்க மாட்டேன். நான் அதை அவிழ்க்கிறேன். சாயங்காலம் அவுக மில்லுக்குக் கெளம்பினதும் விளக்கு வச்சிட்டு உக்காந்து, பத்துப் படி கட்டியிருந்தா எட்டை அவிழ்த்துருவேன். பூ நூலுல சிக்கு விழுந்தா நகத்தால நெம்பி எடுக்குற கை இது, ஒரு நூலும் அறுகாது. நீவி நீவித் திரும்பக் கண்டுல சுத்தி வச்சிருவேன். மறுநாள் அவன் மொதல்ல இருந்து கட்டுறான். ஏம்மா இப்படிப் பண்றேன்னு கோவிச்சுக்கிறதில்லை. சீக்கிரம் முடிச்சு என்ன ஆகப்போகுது? செத்த நேரம் கூட இருந்துட்டுப் போகட்டும்.

அவுகதான் மெலிஞ்சுட்டாக. சோறு எறங்க மாட்டேங்குது. நேத்து தட்டுல கைய வச்சபடி, "செத்தவங்களுக்குக் கோபம் தீருமா"ன்னு கேட்டாக. "வெஞ்சனம் தொட்டுக்கங்க"ன்னு சொல்லிட்டு நான் அடுப்படிக்குப் போயிட்டேன்.

பெருமாயி


தூத்துக்குடி
2.12.2024

அன்புத் தங்கை பெருமாயிக்கு,

இதைப் பகலில், உட்கார்ந்து படி.

உன் வீட்டுக்காரர் மொக்கைச்சாமி ஐப்பசி தொடக்கத்திலிருந்து எனக்கு ஐந்து கடிதம் எழுதியிருக்கிறார். என் விலாசத்தை உன் பிஸ்கட் டப்பாவிலிருந்துதான் எடுத்தாராம். பதிலை மில்லுக்குப் போடச் சொன்னார். உனக்குத் தெரியக் கூடாதென்று சத்தியம் கேட்டார், நானும் கொடுத்தேன். வால் எந்தப் பக்கம் என்று உன்னிடம் கேட்டது விடை தெரிந்தே கேட்டது. நீயே கண்டுபிடித்தால் என் சத்தியம் பிழைக்கும் என்று பார்த்தேன்.

கடைசியாக அவர் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்:

"அய்யா, வெட்டுன கையாலயே கட்டி வச்சிரணும்னு பாக்கேன். அவ மார்க்கெட்டுல இருந்து வாரதுக்குள்ள, நீங்க படம் போட்டு அனுப்புனபடி பத்துப் படி கட்டுறேன். மேசையில டீயை மறந்து வச்சிட்டுப் போயிருறா, அதைத் தள்ளி வச்சுக்கிட்டுக் கட்டுறேன். மறுநாள் வந்து பாத்தா எட்டு அவுந்து கெடக்கு. நூலை அழகாச் சுத்தி வச்சிருக்கு. அவன்தான் அவுக்கிறான். அப்பன் கட்டுனது எனக்கு வேண்டாம்கிறான். என்ன செஞ்சா ஏத்துக்கிருவான்னு நீங்க சொல்லுங்க. உங்ககிட்டதான் அவன் எல்லாம் பேசியிருக்கான்."

பெருமாயி, இதையும் உன் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியத்தை மீறியதற்கு நான் கர்த்தரிடம் சொல்லிக்கொள்கிறேன். உன் பிள்ளையை உன்னிடமிருந்து இன்னொரு தடவை பிடுங்கியது போல இருக்கும், தெரியும். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

அவருக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

கிளெமென்ட்


நாகல் நகர்
27.1.2025

அண்ணனுக்கு,

ரெண்டு வாரம் உங்களைத் திட்டித் தீத்தேன். மார்க்கெட்டுல பூ கட்டிக்கிட்டே வஞ்சேன். பக்கத்துக் கடை சுந்தரம்மாள், "யாரை இந்தப் போடு போடுறே"ன்னு சிரிச்சா. தூத்துக்குடியில ஒருத்தரைன்னேன்.

கடுதாசியை நான் நம்பலை. அந்த மனுசன் ஊசியில நூல் கோக்கவே என்னைக் கூப்பிடுற ஆளு. அதனால மார்கழியில ஒருநாள் எட்டு மணிக்கே வீட்டுக்கு வந்து ஜன்னல் பக்கமா நின்னேன். உள்ள அவுக முதுகுதான் தெரிஞ்சுச்சு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, மூஞ்சியைக் கப்பல்ல ஒட்டின மாதிரி குனிஞ்சிருந்தாக. தன்னால பேசுறாக. "இம்புட்டு இறுக்குனாப் போதுமாலே? சொல்லித் தொலையேன்"ங்கிறாக. கேட்டுட்டு, பதிலுக்குக் கொஞ்ச நேரம் கையை எடுத்து வச்சுக் காத்திருக்காக. அப்புறம் அடுத்த முடிச்சு.

நான் உள்ள போகலை. கூடையைத் தூக்கிக்கிட்டுத் திரும்ப மார்க்கெட்டுக்கே போயிட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் ஒண்ணையும் அவிழ்க்கலை. அவுக கட்டினதுக்கு மேல ஒரு படி நான் கட்டினேன். எனக்குத் தெரிஞ்சது பூக்கட்டுற முடிச்சுத்தான். இடது கையால கட்டினேன், ஒரு படிக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. வால் மேல பாத்து நின்னுச்சு.

மறுநாள் மத்தியானம் ரெண்டாந்தரம் சோறு கேட்டாக. "பயலுக்குக் கோபம் தீந்துருச்சு போல"ன்னாக. "எந்தப் பயலுக்கு"ன்னேன். "ஒண்ணுமில்லை, நீ குழம்பை ஊத்து"ன்னாக. நான் திரும்பி நின்னு ஊத்தினேன்.

அன்னையில இருந்து அவுக பத்துக் கட்டினா, மேல ஒண்ணு இடது கைக் கட்டு இருக்கும். நான்தான்னு சொல்லலை. சொல்லவும் மாட்டேன். மார்க்கெட்டுக்குப் போறப்ப அந்த ரூம்பு வாசல்ல நின்னு, வாரேன் அப்புன்னு இன்னமும் அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் போறேன். டீ இப்ப ரெண்டு டம்ளர் வைக்கிறேன். அதுல ஒண்ணு காலியா இருக்கு.

பொங்கலுக்கு மறுநாளே எல்லாம் முடிஞ்சிருச்சு. நடு மரத்து உச்சியில ஒரே ஒரு படி பாக்கி. பன்னெண்டு நாளா அது அப்படியே கெடக்கு. அவன் கட்டட்டும்னு அவுக விட்டிருக்காக. நானும் அதுக்குத்தான் விட்டிருக்கேன். தினமும் வந்து துணியைத் தூக்கிப் பாத்துட்டு மூடுறேன். நான் மூடினது மாதிரி இல்லாம மடிப்பு மாறி இருக்கிறதால, அவுகளும் தூக்கிப் பாக்குறாகன்னு தெரியுது.

அவுக பொறுக்க மாட்டாம உங்களுக்கு எழுதுவாக, அந்தக் கடைசிப் படியை நானே கட்டிரவான்னு. அந்தக் கடுதாசிக்கு மட்டும் பதில் போட்டுறாதீகண்ணே.

தங்கச்சி
பெருமாயி