கால் என்றால் நாளை

ஜூலை 8, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து தூறல். பெஹாலாவில் எங்கள் தெருதான் முதலில் நிறைகிறது. ஆட்டோ இல்லை. கிடர்பூர் துறைமுகம் போய்ச் சேர பத்தரை.

பருப்புக் கப்பல். மூட்டைகள் நனைந்துவிட்டதாகப் புகார். சரக்கறைக்குள் இறங்கியது சரி. ஏறும்போது பாதி ஏணியில் வலது முழங்கால் மடங்க மறுத்தது. உள்பக்கம், அதே இடம். கீழே நின்றவர்கள் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறிவிட்டேன்.

மாலை, மேலாளர் சென்: "தீதி, இனிமே நீங்க மேஜையில உக்காருங்க. பசங்க ஏறட்டும். ஃபோட்டோ அனுப்புவாங்க, நீங்க ரிப்போர்ட் எழுதுங்க."

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் ஃபோட்டோவில் மூட்டை காய்ந்துதான் தெரியும். உள்ளே கையை விட்டால்தான் நனைந்த பருப்பின் சூடு தெரியும். நான் இத்தனை வருடம் சரக்கு சர்வேயராகச் சம்பாதித்தது அந்தச் சூட்டைக் கண்டுபிடித்துத்தான்.

வாங்க: வெந்நீர்ப் பை, தனியா, மெழுகுவர்த்தி.

ஜூலை 10, வியாழன்

மழை இல்லை. புழுக்கம். எலும்பு டாக்டர். நிற்க வைத்து இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எக்ஸ்ரே. கால் வில் மாதிரி வளைந்திருக்கிறது. கண்ணாடியில் ஒரு நாளும் தெரிந்ததில்லை.

எனக்கு விளங்கிய அளவில்:

– தேய்வு உள்பக்கம் மட்டும். வெளிப்பக்கம் நன்றாக இருப்பதாகத் "தோன்றுகிறது". (அவர் சொல்.)

– துளை போட்டு உள்ளே கழுவிச் சுத்தம் செய்வது: இந்தத் தேய்வுக்குப் பயன் இல்லை. அவரே வேண்டாம் என்றார். அதனால் அவர் மேல் கொஞ்சம் நம்பிக்கை.

– மூட்டு மாற்று: வலி போகும். கப்பல் ஏணி, மண்டியிடுவது, இரண்டையும் மறக்க வேண்டும். ஐம்பது வயதுக்குள் வைத்தால் பின்னால் மறுபடி மாற்ற நேரலாம்.

– மூன்றாவது: முழங்காலுக்குக் கீழே எலும்பை வெட்டி, ஆப்பு அளவுக்கு விரித்து, தகடு வைத்துத் திருகுவது. கால் நேராகும், பாரம் வெளிப்பக்கம் போகும். சொந்த மூட்டு தங்கும். வாரக்கணக்கில் ஊன்றுகோல், மாதக்கணக்கில் பயிற்சி.

ஏணி? "சான்ஸ் ஆச்சே. ப்ராமிஸ் நேய்." வாய்ப்பு உண்டு, வாக்குறுதி இல்லை.

எத்தனை வருடம் தாங்கும்? சிலருக்குப் பல வருடம், சிலருக்கு இல்லையாம். நான் எந்த ரகம் என்று வெட்டாமல் தெரியாதாம்.

திரும்பும்போது பஸ்ஸில் யோசனை. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் அடித்தட்டையா மாற்றுகிறோம்? சரக்கைத்தான் நகர்த்துகிறோம். உவமை இவ்வளவு அழகாகப் பொருந்துவதே சந்தேகமாக இருக்கிறது. கால் கப்பல் இல்லை.

மூன்றாவதற்கு 23ஆம் தேதி ஓர் இடம் காலியாம். சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். "தேஞ்சது மூட்டு. நல்லா இருக்கற எலும்பைப் போய் யாராவது வெட்டுவாங்களா, சுதா? மாத்தினமா, முடிஞ்சுதான்னு இருக்கணும்." அதே கேள்விதான் எனக்கும்.

ஜூலை 11, வெள்ளி

திருச்சி அக்காவுடன் போன். வீட்டுக்குள் சிக்னல் இல்லை, படிக்கட்டில் நின்று. அக்காவுக்குக் காது மந்தம். "கால் ஆபரேஷன்க்கா. கால்! ஆமா, கால்!" எதிர் வீட்டு மிதா பௌதி (அண்ணி முறை) பூட்டைத் திறந்தவர் அப்படியே நின்று என்னைப் பார்த்தார். கத்தியதற்கு வெட்கமாகப் போயிற்று.

ஜூலை 12, சனி

காலை ஏழுக்கு அழைப்பு மணி. மிதா பௌதி. நெற்றியில் குங்குமம், கையில் காளி கோயில் பூ. என் கையிலிருந்த காபியைப் பிடுங்கிக்கொண்டார். "பைத்தியமா நீ? வெறும் வயித்தோட போகணும்!" எல்லாம் வங்காளியில். பின்னால் மேல் வீட்டு தத்தா பாபு, கார் சாவியோடு: தெருவில் தண்ணீர், டாக்ஸி வராது, நானே கொண்டுவிடுகிறேன்.

விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. வங்காளியில் கால் என்றால் நாளை. நேற்று படிக்கட்டில் "நாளை ஆபரேஷன்" என்று மூன்று முறை கத்தியிருக்கிறேன்.

அதற்குள் தத்தா பாபுவின் மனைவியும் வந்தார். அதே வார்த்தைக்கு நேற்று என்றும் பொருள். அவருக்கு அந்தப் பொருள் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் நொண்டுவதைத் தினமும் பார்க்கிறவர்; குனிந்து என் காலில் கட்டுப் போட்டிருக்கிறதா என்று தேடினார். "அதுக்குள்ள நடக்க வச்சுட்டாங்களா!"

சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னிக்கு இல்ல பௌதி, இருபத்திமூணாம் தேதி" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. இவர் ஷேவிங் நுரையோடு உள்வாசலில்.

எல்லோரும் போன பின் இவர்: "அப்ப முடிவு பண்ணிட்ட."

"இப்பதான்."

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டு எனக்குக் கடைசியா."

"எனக்கே இப்பதாங்க தெரியும்."

நம்பினாரா தெரியாது. காபி ஆறிவிட்டது. டாக்டரின் உதவியாளருக்கு போன் செய்து உறுதி செய்தேன்.

ஜூலை 16, புதன்

நல்ல வெயில். துணி காய்ந்தது. சென்னிடம் விடுப்பு. ஏணி வேலைப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்க வேண்டாம் என்றேன். "வருஷக் கடைசில பாக்கலாம் தீதி. முடியலன்னா மேஜைதான், சண்டை போடக் கூடாது." போட மாட்டேன் என்றேன்.

ஊன்றுகோல் வந்தது. இவர்தான் முதலில் போட்டு ஹாலில் இரண்டு சுற்று நடந்தார். "உயரம் சரியா இருக்கான்னு பாத்தேன்." என்னைவிட அரை அடி உயரம் அவர். பிறகு பாத்ரூம் மிதியடியைச் சுருட்டிப் பரண் மேல் போட்டார்.

ஜூலை 22, செவ்வாய்

ஆஸ்பத்திரி. ஜன்னலில் மழை. பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான மாஷிமா, இரண்டு முழங்காலும் மாற்றியாயிற்று, உற்சாகமாக சீரியல் பார்க்கிறார். "உனக்கு வெட்டறாங்களா? ஏன்மா, புதுசு கிடைக்கலையா?"

டாக்டர் வந்தார். வலது காலில் பேனாவால் அம்புக்குறி. இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொன்னார்: முதலில் கேமரா விட்டு வெளிப்பக்கத்தைப் பார்ப்பாராம். அங்கேயும் தேய்ந்திருந்தால் எலும்பைத் தொடாமல் மூடிவிடுவார். அதே மயக்கத்தில் மாற்று மூட்டு வைக்கலாமா என்றார். வேண்டாம் என்றேன். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்து, "அவ சொல்றபடி" என்றார்.

முழு மயக்கம். ஆக, கண் விழிக்கும்போது எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்வதற்கு முன் கால் சொல்லிவிடும். லேசான வலி என்றால் பார்த்துவிட்டு மூடியிருக்கிறார்கள்: மேஜை. பெரிய வலி என்றால் வெட்டியிருக்கிறார்கள்.

பெரிதாக வலிக்கட்டும்.